ஸ்டேஜ் பியானோவில் ரிவெர்ப்பும் எஃபெக்டும்: நம்ம பக்கத்து வாத்தியக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கம் ரிசப்ஷன், கோயில் நோம்பி, சர்ச் என்று வாசிக்கிற பிள்ளைகள் போனிலும் நேரிலும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் அடியில் ஓடுவது ஒரே விஷயம்தான். ஸ்டேஜ் பியானோ, அதாவது மேடைக்கான எலக்ட்ரானிக் பியானோவுக்குள் இருக்கும் ரிவெர்ப்பை மட்டும் பார்த்து வைத்தால் சரியாக வராது. வாசிக்கிற இடமும் தன் பங்குக்கு ஒரு ரிவெர்ப் போடுகிறது. இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஏனுங்ணா, ரிவெர்ப்புன்னா எக்கோதானுங்களே? மைக்செட்காரர் ரெண்டையும் ஒண்ணாத்தான் சொல்றாரு.

பேச்சுவழக்கில் அப்படித்தான் சொல்கிறோம், ஆனால் பியானோவில் இரண்டுக்கும் தனித்தனிப் பட்டன். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 17 மீட்டர் தள்ளி ஒரு சுவர் இருந்தால் போய்த் திரும்ப 34 மீட்டர், அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்கு. அந்த இடைவெளியில் கைதட்டலும் அது திரும்பி வருவதும் தனித்தனியாகக் கேட்கும். இதுதான் எக்கோ. பியானோவில் இதைச் செய்வது டிலே.

ரிவெர்ப்பில் சுவர், கூரை, தரை என்று எல்லாப் பக்கமும் பட்டு வரும் ஆயிரக்கணக்கான திரும்பல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். தனியாக எதையும் பிரித்துக் கேட்க முடியாது. நோட்டுக்குப் பின்னால் ஒரு வால் மாதிரி இழுத்து அடங்கும்.

ரூம், ஸ்டேஜ், ஹால், பிளேட்டுன்னு நாலஞ்சு பேர் இருக்குதுங்க. எதை வெக்கோணும்?

ரூம் என்பது சின்ன அறை, வால் குட்டை. ஹால் பெரிய அரங்கம், வால் நீளம். ஸ்டேஜ் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் வரும். பிளேட் எந்தக் கட்டடத்தையும் போலச் செய்வதில்லை. பெரிய இரும்புத் தகட்டைத் தொங்கவிட்டு, அதை அதிரவைத்து, அந்த அதிர்வைப் பிடித்து ஒலியாக்கிய ஸ்டுடியோ கருவியின் நகல் அது. 1957-இல் ஜெர்மனியின் ஈஎம்டி கம்பெனி கொண்டுவந்த 140 என்ற மாடல்தான் இதில் பேர்போனது.

மண்டபத்தில் பியானோ டோனுக்கு ரூம் அல்லது ஸ்டேஜ். ஸ்ட்ரிங்ஸ் மட்டும் இழுத்துப் பிடிக்கிற மெதுவான பாட்டுக்கு ஹால். எலக்ட்ரிக் பியானோவுக்குப் பிளேட் நன்றாகப் பொருந்தும். கேத்தீட்ரல் என்று ஒன்று இருந்தால் வீட்டில் தனியாக வாசிக்கும்போது ரசித்துக்கொள்ளுங்கள், மேடைக்கு வேண்டாம்.

டைம்னு ஒரு குமிழ், டெப்த்னு ஒரு குமிழ். ரெண்டுல எதைத் தொடறதுன்னே தெரியலீங்க.

டைம் என்பது வாலின் நீளம். ஒலி தன் அளவிலிருந்து 60 டெசிபல் இறங்க எத்தனை நொடி ஆகிறது என்பதுதான் அதன் கணக்கு. டெப்த் என்பது நேர் ஒலியோடு எவ்வளவு ரிவெர்ப் கலக்கிறது என்பது. சில மாடலில் இதற்கு லெவல், மிக்ஸ், டிரை-வெட் என்று பெயர் இருக்கும்.

முதலில் டைமை வையுங்கள். வேகப் பாட்டுக்கு ஒரு நொடிக்குப் பக்கம், மெதுவான பாட்டுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு. பிறகு டெப்த்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, வலது கையில் ஒரு கார்டை (சேர்த்து அழுத்தும் மூன்று நாலு நோட்டை) அழுத்தமாக, குட்டையாக அடித்துக் கையை எடுங்கள். பெடல் வேண்டாம். டெப்த்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே அடியுங்கள். "ஆ, ரிவெர்ப் வந்துருச்சு" என்று காதுக்குத் தெரிகிற இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து ஒரு துளி இறக்கிவிடுங்கள். அந்த இடத்தில் ரிவெர்ப் இருப்பது தெரியாது, அணைத்தால் மட்டும் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

பிரீ-டிலே என்று மூன்றாவதாக ஒன்று இருந்தால் 20 முதல் 40 மில்லி செகண்ட் கொடுங்கள். நோட்டின் முதல் அடி தெளிவாகக் கேட்ட பிறகு வால் தொடங்கும்.

வீட்ல ஹெட்போன்ல வெச்சா தேன் மாதிரி இருக்குதுங்க. அதையே மண்டபத்துல போட்டா ஒரே குழப்படி. பியானோல ஏதாச்சும் கோளாறுங்களா?

பியானோவில் ஒன்றுமில்லை. ஹெட்போனுக்குள் அறையே கிடையாது, அதனால் அங்கே ரிவெர்ப் முழுக்கப் பியானோவிலிருந்து வருகிறது. நம்ம ஊர் மண்டபத்தில் கிரானைட் தரை, பெயின்ட் அடித்த சிமென்ட் சுவர், கான்கிரீட் கூரை. எதுவும் ஒலியைக் குடிக்காது.

எவ்வளவு என்று பார்ப்போம். 30 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம் உள்ள மண்டபம் 2,700 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 1,440 சதுர மீட்டர். அந்தப் பரப்பு தன்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு நாலு பங்கை உறிஞ்சுவதாக வைத்தால், மொத்த உறிஞ்சல் 58 சதுர மீட்டர். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் கண்டுபிடித்த வாய்ப்பாட்டின்படி, கன அளவை 0.161-ஆல் பெருக்கி உறிஞ்சலால் வகுத்தால் வாலின் நீளம் வரும். இங்கே ஏழரை நொடி! ஜன்னலும் கதவும் திறந்திருந்தால் கொஞ்சம் குறையும். திறந்த ஜன்னலில் போன ஒலி திரும்பி வராது. அப்படிக் குறைந்தாலும், அதற்கு மேல் நீங்கள் ஹாலில் இரண்டரை நொடி வைத்தால் குழம்பாமல் என்ன செய்யும்?

காலி மண்டபத்தில் ரிவெர்ப்பை முழுதாக அணைத்துவிட்டே தொடங்குங்கள். தேவைப்பட்டால் ரூம், டெப்த் மிகக் குறைவாக. மண்டபம் கொடுக்கிற ரிவெர்ப்பைப் பியானோவிலிருந்து எடுக்க முடியாது. உங்கள் பங்கை மட்டும்தான் குறைக்க முடியும்.

சாயங்காலம் நாலு மணிக்கு சவுண்ட் செக் பண்றப்ப ஒரு மாதிரி இருக்குதுங்க. ஏழு மணிக்குக் கூட்டம் வந்தா வறண்டு போயிருது. எப்படிச் சமாளிக்கறது?

மேலே போட்ட கணக்கையே தொடருங்கள். ஒரு ஆள் சுமார் 0.45 சதுர மீட்டர் அளவுக்கு ஒலியை உறிஞ்சுவார். 400 பேர் உட்கார்ந்தால் 180 கூடும். 58 இருந்தது 238 ஆகிறது. ஏழரை நொடி, இரண்டு நொடிக்கும் கீழே வந்துவிடும். 1895-இல் வேலையைத் தொடங்கிய சபைனும், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டு, எடுத்து, மறுபடி போட்டு அளந்துதான் இதைப் பிடித்தார்.

இதில் நம்ம ஊருக்கென்று ஒரு விசேஷம் இருக்கிறது: பந்தி. எட்டு மணிக்கு "சாப்பாட்டுக்கு வாங்க" என்று கூப்பிட்டதும் பாதிக் கூட்டம் எழுந்து டைனிங் ஹாலுக்குப் போய்விடும். 200 பேர் போனால் அதே மண்டபம் மூன்று நொடிக்குப் போகிறது. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் இது நடக்கும். அதனால் மெனுவுக்குள் புகுந்து வைக்கிற ரிவெர்ப் நமக்கு ஆகாது. டெப்த் குமிழ் கைக்கு எட்டுகிற மாதிரி முன்பலகையில் இருக்க வேண்டும், கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே திருக வேண்டும். யமஹா சிபி88 மாதிரி ரிவெர்ப்புக்குத் தனிக் குமிழ் வெளியே வைத்திருக்கும் மாடல்களை நான் விரும்புவது இதற்காகத்தான்.

கோயில் நோம்பிக்கு மைதானத்துல மேடை போடறாங்க. அங்கயும் கம்மியாத்தான் வெக்கோணுமுங்களா?

அங்கே நேர் எதிர். மேலே வானம், முன்னால் கூட்டம், ஒலி திரும்பி வர இடமில்லை. பியானோ டோன் எலும்பாகக் கேட்கும். டெப்த்தைத் தாராளமாக ஏற்றுங்கள், ஹால் இரண்டு நொடி வைக்கலாம். மேடைக்கு எதிரே பள்ளிக்கூடமோ மில் சுவரோ இருந்தால் மட்டும் கவனம். அதிலிருந்து ஒரு தெளிவான எக்கோ வரும், அந்த நேரத்தில் டிலே போட்டால் தாளமே தடுமாறும்.

தெரு நெடுகக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தால் வேறு கதை. 100 மீட்டர் தள்ளி உள்ள குழாயின் சத்தம் முன்வரிசைக்கு 0.3 நொடி தாமதமாக வந்து சேரும். குழாயில் பாஸும் கிடையாது, மேல் ஸ்தாயியின் மினுமினுப்பும் கிடையாது. நடுப்பகுதி மட்டும் கத்தும். அதில் ரிவெர்ப் போனால் இரைச்சலாகத்தான் வெளியே வரும். குழாய் லைனுக்குத் தனி அவுட் கொடுக்க முடியுமா என்று மைக்செட் அண்ணனிடம் கேளுங்கள். முடியாவிட்டால் ரிவெர்ப்பைப் பாதியாக்குங்கள்.

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும். தூரத்தில் கேட்கிற சத்தம் ஏறி இறங்கும், கோரஸ் (ஸ்ருதியை இலேசாக அசைத்துப் பலர் சேர்ந்து வாசிப்பது போலக் காட்டும் எஃபெக்ட்) போட்ட மாதிரி அலையும். அது எஃபெக்ட் கோளாறு என்று நினைத்துப் பட்டனைத் தட்டிக்கொண்டிருக்காதீர்கள்.

சர்ச்சுல வாசிக்கறனுங்ணா. கூரை ரொம்ப உயரம்.

பியானோ ரிவெர்ப் அணைந்தே இருக்கட்டும். ஆர்கன் டோனுக்கும் அப்படியே. இப்படிப்பட்ட கட்டடத்தில் ரிவெர்ப்பைவிடப் பெரிய தொல்லை இடது கைதான். கீழ் ஸ்தாயியில் நெருக்கமாகக் கார்டு பிடித்தால் எந்த எஃபெக்டாலும் அதைக் காப்பாற்ற முடியாது. இடது கையில் ஒற்றை நோட், அல்லது ஒரு ஆக்டேவ் (அதே ஸ்வரம், அடுத்த ஸ்தாயி) தள்ளி இரண்டு நோட் போதும்.

மிக்ஸர்ல இருக்கறவரும் ரிவெர்ப் போடறாரு, நானும் போடறேன். யார் போடறது சரிங்க?

ஒருவர் மட்டும். இரண்டும் சேர்ந்தால் ஒரு வாலுக்கு இன்னொரு வால் முளைக்கும்.

என் கட்சி, ரிசப்ஷனிலும் நோம்பியிலும் வாசிப்பவர்தான் வைக்க வேண்டும். பாட்டுக்குப் பாட்டு டோன் மாறுகிறது, எந்த டோனுக்கு எவ்வளவு என்று வாசிப்பவருக்குத்தான் தெரியும். மிக்ஸரில் இருப்பவர் பாடகர் மைக்கைக் கவனிப்பதிலேயே கை நிறைந்து இருப்பார். "அண்ணா, கீபோர்டு சேனலுக்கு எஃபெக்ட் செண்டை மூடி வையுங்க, நான் இங்கிருந்தே தர்றேன்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். நிரந்தரமாக மிக்ஸர் உள்ள, நல்ல ஆபரேட்டர் உள்ள சர்ச்சிலோ ஆடிட்டோரியத்திலோ அவர் கையில் விட்டுவிடலாம். அவர் கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்து கேட்கிறார், உங்களுக்கு அந்த வசதி இல்லை.

மேடையில எனக்கு வறவறன்னு கேக்குதுங்க. நல்லா இருக்கோணும்னு ரிவெர்ப்ப ஏத்திக்கறேன். தப்புங்களா?

ஏற்ற வேண்டாம். உங்கள் காதுக்குப் பக்கத்தில் இருக்கும் மானிட்டரில் பியானோவின் நேர் ஒலி மட்டும் வருகிறது, மண்டபத்தின் வால் அங்கே குறைவு. பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு நேர் ஒலி குறைவு, வால் அதிகம். நீங்கள் உங்களுக்குச் சரியாக வைத்தால் அவருக்கு மூழ்கிப்போகும்.

சவுண்ட் செக்கில் ஒரு கூட்டாளியை வாசிக்கச் சொல்லிவிட்டு மண்டபத்தின் கடைசித் தூண் வரை நடந்து போய்க் கேளுங்கள். போனில் ரெக்கார்டு பண்ணிக் கேட்பதைவிட இது மேல்.

எப்பவுமே ஒரே ஒரு லைன்தான் தர்றாங்க. கோரஸ் போட்டா சத்தம் ஒல்லியாப் போயிருது, ரோட்ஸ்ல அக்கட்ட இக்கட்ட போறதும் காணாமப் போயிருது.

ஒரு லைன் என்றால் மோனோ. பியானோவின் பின்பக்கம் எல்/மோனோ என்று எழுதியிருக்கும் ஜாக்கில் மட்டும் குத்துங்கள், வலதில் எதையும் குத்தாதீர்கள். அப்போதுதான் பியானோ இரண்டு பக்கத்தையும் தானே கூட்டி ஒன்றாக்கித் தரும்.

கூட்டும்போது சில எஃபெக்ட் அடிபடும். ஸ்டீரியோ கோரஸ் இடதையும் வலதையும் சற்றே வேறு வேறு ஸ்ருதியில் அசைத்துத்தான் அந்த அகலத்தைத் தருகிறது. இரண்டையும் ஒன்றாக்கினால் சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், அதுதான் அந்த ஒல்லிச் சத்தம். ரோட்ஸ் என்ற எலக்ட்ரிக் பியானோ டோனில் இடதுக்கும் வலதுக்கும் மாறி மாறிப் போகிற ஆட்டோ பேனில் ஒரு பக்கம் ஏறும்போது மறுபக்கம் இறங்கும். கூட்டினால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அதற்குப் பதில் ட்ரெமோலோ வையுங்கள். அது ஒலியளவையே ஏற்றி இறக்குவதால் மோனோவிலும் அப்படியே கேட்கும். மோனோவில் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் வீட்டிலும் ஒற்றை ஸ்பீக்கரில் கேட்டே எல்லாவற்றையும் வையுங்கள். பல மாடலில் மோனோவுக்கென்றே தனிப் பியானோ டோன் இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

கோரஸ், ஃபேஸர், ரோட்டரின்னு வரிசையா இருக்குது. எந்த டோனுக்கு எதுங்க?

கிராண்ட் பியானோவுக்கு எதுவும் வேண்டாம். ரிவெர்ப் மட்டும். அதில் கோரஸ் போட்டால் ஸ்ருதி சேராத பழைய பியானோ மாதிரி ஆகிவிடும்.

ரோட்ஸ் டோனுக்கு ட்ரெமோலோ அல்லது ஃபேஸர் (ஒலியைச் சுழல்வது போல அலையவைப்பது), மெதுவான வேகத்தில். 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7-இன் மணி மாதிரியான எலக்ட்ரிக் பியானோ டோனுக்குக் கோரஸ் கொஞ்சம். 80களின் மெலடிகளைக் கேட்ட காது அதை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். புல்லாங்குழல், ஷெனாய் டோனுக்கு ரிவெர்ப்போடு மிக மெல்லிய டிலே.

ஆர்கனுக்கு ரோட்டரிதான் உயிர். டொனால்டு லெஸ்லி 1940களில் கொண்டுவந்த, சுழலும் ஸ்பீக்கர் பெட்டியின் நகல் அது. மேலே ஒரு ஹார்ன், கீழே ஒரு டிரம், இரண்டும் சுற்றும். மெதுவில் ஹார்ன் நிமிடத்துக்கு 50 சுற்றுக்குப் பக்கம், வேகத்தில் 400 போல. வேகம் மாறும்போது இலேசான ஹார்ன் சட்டென்று எழும்பும், கனமான டிரம் பின்னாலேயே தயங்கி வரும். இனிமை அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. எப்போதும் வேகத்திலேயே விட்டுவைக்காதீர்கள். பல்லவி மெதுவில் போகட்டும். கடைசி வரியின் கார்டைப் பிடித்துக்கொண்டே வேகத்தை மாற்றும் மாடுலேஷன் லீவரைத் தள்ளுங்கள்.

டிலே போட்டா தாளத்தோட ஒட்டவே மாட்டேங்குதுங்க. என்ன நம்பர் வெக்கறது?

60,000-ஐப் பாட்டின் பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற எண்ணால்) வகுங்கள். 120 என்றால் 500 மில்லி செகண்ட், ஒரு அடிக்கு ஒரு டிலே. 96 என்றால் 625. ஓடுகிற மாதிரி வேண்டுமென்றால் அதை முக்காலால் பெருக்குங்கள்: 500-க்கு 375. வேகத்தைத் தட்டிக் காட்டுகிற டேப் பட்டன் இருந்தால் கணக்கே வேண்டாம், தபேலாவைக் கேட்டுக்கொண்டு நாலு தட்டுத் தட்டினால் போதும். திரும்பல் இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம், பாடகர் மூச்சு விடுகிற இடத்தை அது நிரப்பிவிடும். அந்த இடம் அவருக்குச் சொந்தம்.

இடது பக்கம் பாஸ், வலது பக்கம் ஸ்ட்ரிங்ஸ்னு ஸ்பிளிட் வெச்சிருக்கறேன். ஸ்ட்ரிங்ஸுக்கு ரிவெர்ப் போட்டா பாஸும் சேந்து மூழ்குது.

பெரும்பாலான மாடலில் ரிவெர்ப் எஞ்சின் ஒன்றுதான், எல்லாப் பார்ட்டுக்கும் (ஸ்பிளிட்டில் ஒவ்வொரு டோனும் ஒரு பார்ட்) பொது. முன்பலகைக் குமிழைத் திருகினால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏறும். ஆனால் ஒவ்வொரு பார்ட்டிலிருந்தும் அதற்குள் எவ்வளவு போக வேண்டும் என்று ரிவெர்ப் செண்ட் தனியாக இருக்கும், பார்ட் எடிட்டுக்குள். பாஸ் பார்ட்டின் செண்டைப் பூஜ்யமாக்கிவிடுங்கள். பாஸுக்கு ரிவெர்ப் எந்த ஊர் மேடையிலும் தேவையில்லை.

ரிவெர்ப்ப முழுசா அணைச்சாலும் பெடல் மிதிச்சா கொழகொழன்னு இருக்குதுங்க.

அது ரிவெர்ப் இல்லை. பெடலை மிதித்தால் நிஜப் பியானோவில் மற்ற தந்திகளும் சேர்ந்து அதிரும், அதையும் இந்தப் பியானோக்கள் செய்து காட்டுகின்றன. டேம்பர் ரெசொனன்ஸ், ஸ்ட்ரிங் ரெசொனன்ஸ் என்று மெனுவில் இருக்கும். தனியாக வாசிக்க அருமை, தவில் செட்டுக்கும் பேண்டுக்கும் நடுவில் வாசிக்கும்போது பாதியாகக் குறையுங்கள். கூடவே ஈக்யூவில் (கீழ், நடு, மேல் ஒலியைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் பகுதியில்) 200 முதல் 300 ஹெர்ட்ஸ் பகுதியை இரண்டு மூன்று டெசிபல் இறக்குங்கள், கொழகொழப்பு தங்குகிற இடம் அதுதான். அதற்கும் மேல் இருந்தால் பெடல் போடுகிற கால்தான் மாற வேண்டும். கார்டு மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் கால் எழ வேண்டும்.

ஒரு டோன்ல இருந்து அடுத்ததுக்கு மாத்தறப்ப வால் சடக்குன்னு வெட்டுதுங்க.

சில பியானோக்களில் இதற்கே வசதி உண்டு. யமஹா சிபி88-இல் சவுண்ட் மாறினாலும் பிடித்திருக்கும் நோட் தொடரும், ரோலண்ட் ஆர்டி-2000-இல் டோன் ரிமெய்ன் என்று ஒரு செட்டிங் இருக்கிறது. இருந்தாலும் முதல் டோனுக்கு ஹால், அடுத்ததற்கு ரூம் என்று ரிவெர்ப் வகையே மாறினால் வெட்டு தெரியலாம். ஒரே பாட்டுக்குள் வருகிற டோன்களுக்கு ஒரே ரிவெர்ப் வகையை வையுங்கள், அளவை மட்டும் மாற்றுங்கள்.

இந்த வசதி இல்லாத கீபோர்டில், இரண்டு டோனையும் லேயராக (ஒரே நேரத்தில் ஒலிக்கும்படி) ஏற்றி வைத்து, டோன் பட்டனைத் தொடாமல் ஸ்லைடரில் ஒன்றை இறக்கி மற்றதை ஏற்றுங்கள். வெட்டு வராது.

வெச்சதெல்லாம் சுவிட்ச் அணைச்சுப் போட்டா போயிருது. ஒவ்வொரு ஊருக்கும் மறுபடி வெக்கோணுமுங்களா?

குமிழைத் திருகினால் மட்டும் சேவ் ஆகாது, ஸ்டோர் அல்லது ரைட் அழுத்த வேண்டும். சேமிக்கிற இடத்துக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பேர் வைத்திருக்கிறது: யமஹா சிபியில் லைவ் செட், ரோலண்ட் ஆர்டி-88-இல் சீன், நார்டில் புரோகிராம். அடிக்கடி வாசிக்கும் டோன்களை மண்டபத்துக்கு ஒன்று, மைதானத்துக்கு ஒன்று என்று இரண்டு காப்பி வைத்துக்கொள்ளுங்கள். பெயரிலேயே அதைப் போட்டுவிட்டால் இருட்டு மேடையில் தேட வேண்டாம். ஒரு காப்பி பென்டிரைவிலும் இருக்கட்டும்.

லேப்டாப்புல டிராக் ஓட்டறப்ப மட்டும் பாட்டு நடுவுல ரிவெர்ப் தானா ஏறுதுங்க. நான் கையே வெக்கல.

மிடி கேபிளோ யுஎஸ்பியோ மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். மிடி என்பது வாத்தியமும் கம்ப்யூட்டரும் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புகிற முறை. மிடியில் 91-ஆம் எண் கன்ட்ரோல் செய்தி ரிவெர்ப் அளவுக்கு, 93 கோரஸுக்கு. இணையத்தில் கிடைக்கிற மிடி டிராக்குகளில் இந்தச் செய்திகள் உள்ளே எழுதியிருக்கும். டிராக் ஓடும்போது அவை பியானோவுக்கு வந்து உங்கள் அளவை மாற்றிவிடும்.

மூன்று வழி இருக்கிறது. லேப்டாப்பில் ஓடும் மென்பொருளில் 91, 93 இரண்டையும் வடிகட்டிவிடலாம். அல்லது பியானோவின் மிடி மெனுவில் கன்ட்ரோல் செய்தி வாங்குவதை அணைக்கலாம்; ஆனால் சில மாடலில் அப்போது 64-ஆம் எண்ணான பெடல் செய்தியும் சேர்ந்து நின்றுவிடும், டிராக்கின் பியானோ நறுக்கு நறுக்கென்று கேட்கும். அல்லது டிராக் வருகிற சேனலையும் நீங்கள் வாசிக்கிற சேனலையும் பிரித்து வையுங்கள். கச்சேரிக்கு முந்தின நாளே டிராக்கை முதலிலிருந்து கடைசி வரை ஓடவிட்டு, ரிவெர்ப் அளவு அசைகிறதா என்று திரையைப் பாருங்கள். சில டிராக்கில் இந்தச் செய்தி இரண்டாவது சரணத்தில்தான் ஒளிந்திருக்கும்.